தாரமங்கலம் தாண்டி ஒரு மைதானம்

சேலத்தில் தாரமங்கலம் பேருந்தில் ஏறி, "சின்னப்பம்பட்டிக்கு எங்கே மாறணுங்க?" என்று நடத்துநரிடம் கேட்டேன். "நடராஜன் ஊருக்குங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். ஆளுக்கு முன்னால் ஊர்ப்பெயரைப் போட்டுக்கொள்வது நம் வழக்கம். பக்கத்து எடப்பாடி ஒரு முதலமைச்சருக்கே பெயராகிப்போனது. சின்னப்பம்பட்டியில் அது தலைகீழ். ஒரு பந்துவீச்சாளரின் பெயரைச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஊர் புரிகிறது.

இத்தனைக்கும் தங்கராசு நடராஜன் இந்தியாவுக்காக ஆடிய ஆட்டங்கள் மொத்தமே ஏழு: ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர். முதல் ஆட்டம் 2020 டிசம்பர் 2, கடைசி ஆட்டம் 2021 மார்ச் 28. நான்கு மாதம்கூட நிறையவில்லை. எடுத்தது 13 விக்கெட். நூறு டெஸ்ட் ஆடியவர்களையே மறந்துவிடும் நாட்டில், இந்த ஏழு ஆட்டம் எப்படி ஒரு வட்டாரத்தின் சொத்தாக மாறியது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தச் சுற்று.

சேலத்திலிருந்து மேற்கே கிளம்பினால் கஞ்சமலை கூடவே வருகிறது. இரும்புத்தாது உள்ள மலை. அதன் அடிவாரத்தில்தான் சேலம் இரும்பாலை. அதைக் கடந்தால் மரவள்ளி, சோளம், இடையிடையே தென்னை. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த மண்ணை நம்பிப் பிழைக்க முடியாது என்பதால், இங்கே வீட்டுக்கு வீடு வேறொரு பிழைப்பு உண்டு. பேருந்து நிற்கும் இடத்திலெல்லாம் அது காதில் விழுகிறது. விசைத்தறி. தாரமங்கலம், ஜலகண்டாபுரம், எடப்பாடி என்று இந்த வட்டாரம் முழுக்கத் தறிச்சத்தம்தான். இரவிலும் நிற்பதில்லை. அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்களுக்கு மின்சாரம் போனால் விழிப்பு வந்துவிடுமாம்.

தாரமங்கலத்தில் இறங்கிக் கைலாசநாதர் கோயிலைப் பார்க்காமல் போவது தப்பு. கெட்டி முதலிகள் காலத்துத் திருப்பணி. வாலியும் இராமனும் தனித்தனித் தூண்களில் இருக்கிறார்கள். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரிய மாட்டான். உள்ளூர்க்காரர்கள் வெளியூர்க்காரர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இதைக் காட்டுகிறார்கள். எனக்கும் காட்டினார்கள். எதிராளிக்குத் தெரியாத இடத்திலிருந்து வரும் அம்புக்கும் நடராஜனின் யார்க்கருக்கும் முடிச்சுப்போட என் கை துறுதுறுத்தது. வேண்டாம், அந்தச் சிற்பியை விட்டுவிடுவோம்.

சின்னப்பம்பட்டி சாலையோரத்துச் சிறிய ஊர். தந்தை தறிக்கூடத்தில் தினக்கூலி, தாய் சாலையோரத்தில் கடை போட்டு வியாபாரம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். இதைப் பேட்டிகளில் படிக்கும்போது சினிமாக் கதை போலத் தோன்றும். இங்கே வந்து பார்த்தால் தெருவில் பாதி வீட்டுக் கதை இதுதான். அவர் 1991-இல் பிறந்தவர். ஏறக்குறைய இருபது வயது வரைக்கும் அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்து. தோல் பந்து என்றால் காலுறை, பேடு, கையுறை, மட்டை என்று ஒரு செலவு இருக்கிறது. தறிக்கூலியில் அதெல்லாம் நடக்காது. டென்னிஸ் பந்துக்கு ஒரு மட்டையும் பத்துப் பேர் சில்லறையும் போதும்.

வறுமை, உழைப்பு, வெற்றி என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தப் பந்து அவருக்குக் கற்றுக்கொடுத்த தொழிலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. டென்னிஸ் பந்தில் தையல் கிடையாது, கனம் கிடையாது. கொஞ்சம் தூக்கிப்போட்டாலும் மட்டைக்காரன் ஊர் எல்லைக்கு அனுப்பிவிடுவான். எல்லைக்கோடும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் யார் வீட்டுச் சுவரோ. பவுன்சர் போட்டு யாரையும் மிரட்ட முடியாது. அடிக்க முடியாத ஒரே பந்து, மட்டைக்காரனின் கால்விரலைக் குறிவைத்து மட்டைக்கு அடியில் நுழையும் யார்க்கர்தான். பரிசுத்தொகை வைத்து நடத்தும் டென்னிஸ் பால் போட்டிகளில் கடைசி ஓவர் போடுகிறவனுக்கு வேறு வித்தையே கிடையாது. அதனால் தோல் பந்தைத் தொடுவதற்கு முன்பே நடராஜனின் இடதுகை யார்க்கரைப் படித்து முடித்துவிட்டது. பெரிய நகரங்களின் பயிற்சிப் பள்ளிகளில் பையன்களுக்கு லைன், லெங்க்த், ஸ்விங் என்று சொல்லிக்கொடுத்து, யார்க்கரைக் கடைசியில் வைத்திருப்பார்கள். இங்கே அதுதான் அரிச்சுவடி.

அதைக் கவனித்தவர் அதே ஊரில் டென்னிஸ் பால் ஆடிய மூத்தவர் ஜெயப்பிரகாஷ். "நீ சென்னைக்குப் போகணும்" என்று சொல்வது யாருக்கும் சுலபம். செலவுக்கு வழிசெய்து அனுப்பிவைத்ததுதான் அவர் செய்த வேலை. நடராஜன் பின்னாளில் முதுகில் 'ஜேபி நட்டு' என்று எழுதிய சட்டையோடு ஐபிஎல் ஆடினார். ஜேபி என்பது ஜெயப்பிரகாஷ். கோடிக்கணக்கானோர் பார்க்கும் தொலைக்காட்சியில் தன் பெயருக்கு முன்னால் ஊர் அண்ணனின் பெயரை ஏற்றிவைத்த ஆட்டக்காரர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் நான்காவது டிவிஷனில் பிஎஸ்என்எல் அணி, பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு ஜாலி ரோவர்ஸ். 2015 தொடக்கத்தில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். அந்த ஆட்டத்தோடேயே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார். இருபத்து மூன்று வயதில் கை மடங்கும் விதத்தை மாற்றிக்கொள் என்றால், நடக்கும் நடையை மாற்றிக்கொள் என்று சொல்வதற்குச் சமம். சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்களின் துணையோடு மாற்றினார். யார்க்கர் போகவில்லை. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராகவே இறக்கினார். அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி எடுத்தது 3 கோடிக்கு.

அந்த 3 கோடி ஆண்டு சரியாகப் போகவில்லை. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். 2018-இல் ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு ஆண்டுகள் ஓரத்தில் உட்காரவைத்தது. அந்த அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் முத்தையா முரளிதரன் என்பது ஒரு வாய்ப்பு. தமிழில் பேசித் தமிழில் கற்றுக்கொள்ளலாம். ஆங்கிலமும் இந்தியும் அதிகம் தெரியாத ஒரு கிராமத்துப் பையனுக்கு ஓய்வறையில் அது எவ்வளவு பெரிய துணை என்பதை, தமிழ் வழியில் படித்துவிட்டுச் சென்னை அலுவலகத்தில் முதல் நாள் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

2020 எல்லாவற்றையும் மாற்றியது. அமீரகத்தில் நடந்த ஐபிஎல்லில் 16 ஆட்டம், 16 விக்கெட். எலிமினேட்டரில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பிடுங்கிய யார்க்கரை ஊர்க்காரர்கள் இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில்தான் ஊரில் அவருக்கு மகள் பிறந்தாள். குழந்தையைப் பார்க்காமலேயே ஆஸ்திரேலியா போனார், அதுவும் வலைப்பயிற்சியில் பந்துபோடும் ஆளாக. வருண் சக்கரவர்த்திக்குத் தோள் காயம் என்றதும் இருபது ஓவர் அணியில் பெயர் ஏறியது. டிசம்பர் 2, கான்பெராவில் ஒருநாள் அறிமுகம். இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் இருபது ஓவர் அறிமுகம், 30 ரன்னுக்கு 3 விக்கெட். தொடர் நாயகன் விருது ஹர்திக் பாண்டியாவுக்குக் கிடைத்தது. அவர் அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து நடராஜன் கையில் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 15, பிரிஸ்பேன் கப்பா. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அணி அது. பும்ரா, அஸ்வின், ஜடேஜா எல்லாம் காயத்தில். வேறு வழியில்லாமல் இரண்டு தமிழ்ப் பையன்களுக்கு ஒரே நாளில் டெஸ்ட் தொப்பி கொடுத்தார்கள். நடராஜன் இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரர், வாஷிங்டன் சுந்தர் 301. முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றறியாத மைதானத்தில் ஜனவரி 19 அன்று இந்தியா வென்றது. அணித்தலைவர் அஜிங்க்ய ரஹானே கோப்பையை நடராஜனிடம் நீட்டினார். ஒரே பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்.

அடுத்த இரண்டாம் நாள் சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய சாரட்டு, செண்டை மேளம், தேசியக்கொடி. அந்தக் காணொளியை வீரேந்தர் சேவாக் பகிர, நாடே பார்த்தது. இந்தத் தெருவில் நின்று அந்த நாளைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை வருகிறது. "அன்னிக்குத் தறியெல்லாம் நின்னு போச்சுங்க" என்றார் டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர். "தீபாவளிக்குக்கூட ஒரு ஓனரு ஓட்டுவானுங்க. அன்னிக்கு ஒருத்தனும் ஓட்டல." இதைவிடப் பெரிய மரியாதை இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராக, கடைசி ஓவரில் 14 ரன் தேவை என்ற நிலையில், வெளுத்துக்கொண்டிருந்த சாம் கரனைக் கட்டிப்போட்டு ஆட்டத்தை 7 ரன்னில் காப்பாற்றினார். அதுதான் இந்தியச் சட்டையில் அவர் போட்ட கடைசி ஓவர். ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை. ஐபிஎல் தொடர்ந்தது. 2024-இல் ஐதராபாத் இறுதியாட்டம் வரை வந்தபோது 19 விக்கெட் எடுத்திருந்தார். டெல்லிக்கு எதிராக 19 ரன்னுக்கு 4 விக்கெட். அடுத்த ஏலத்தில் அதே டெல்லி 10 கோடியே 75 லட்சம் கொடுத்து எடுத்துக்கொண்டது. ஆனாலும் நீல நிறச் சட்டை திரும்ப வரவில்லை. இதில் தேர்வுக்குழுவைத் திட்டுவது நம்மவர்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வேகப்பந்து வீசுகிறவனின் முழங்கால் யாருடைய சிபாரிசையும் கேட்பதில்லை.

ஊரில் அவர் புகழ் குறையாததற்குக் காரணம் வேறு. 2021 கடைசியில் ஒரு செய்தி வெளியிட்டார்: என் கிராமத்தில் கிரிக்கெட் மைதானம் கட்டுகிறேன் என்று. 2023 ஜூன் 23 அன்று தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். வயலும் தறியும் சூழ்ந்த இடத்தில் பச்சைப் புல், உருளை போட்டுத் தட்டிய ஆடுகளம். நான் போன நேரம் பையன்கள் ஓடி ஓடிப் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள், தோல் பந்து. "நடராஜன் வருவாருங்களா?" என்று கேட்டேன். "ஊருல இருந்தா அண்ணன் இங்கதான் இருப்பாருங்க" என்றான் ஒருவன், ஓட்டத்தை நிறுத்தாமலேயே.

மைதானத்துக்கு முன்பே பயிற்சி தொடங்கிவிட்டது. நடராஜனும் ஜெயப்பிரகாஷும் நடத்திய பயிற்சியில் தேறிய அதே ஊர்ப் பையன் ஜி. பெரியசாமி. ஒரு கண்ணில் பார்வைக் குறைபாடு உள்ளவர். 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் சேப்பாக் அணிக்காக 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்துக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். தொடர் முழுக்க 21 விக்கெட், தொடர் நாயகன். கவனியுங்கள், இது நடந்தது நடராஜன் இந்தியாவுக்கு ஆடுவதற்கு முந்தைய ஆண்டு. தன் காரியமே பாதியில் நிற்கும்போது அடுத்தவனை ஏற்றிவிட்டிருக்கிறார்.

இந்த மைதானத்தின் ஓரத்தில் நின்றபோது எனக்கு ஹங்கேரி நினைவு வந்தது. கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஃபெரென்ஸ் புஷ்காஷ் தெரியும். புடாபெஸ்டின் கிஷ்பெஷ்ட் பகுதித் தெருக்களில் துணிப்பந்து உதைத்து வளர்ந்தவர். 85 சர்வதேச ஆட்டங்களில் 84 கோல். 1953-இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று கவிழ்த்த அணியின் தலைவர். 1956 புரட்சிக்குப் பிறகு நாடு திரும்பாமல், பிறகு ஸ்பெயினில் ரியல் மாட்ரிட்டுக்கு ஆடி அங்கேயும் கொடிகட்டினார். அவர் பெயரில் தலைநகரில் பெரிய அரங்கம் இருக்கிறது, அது நியாயம். ஆனால் ஃபெல்சூட் என்ற கிராமத்திலும் அவர் பெயரில் ஒரு கால்பந்துக் கழகம், ஒரு அரங்கம். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் 3,800 பேர் உட்காரும் அரங்கத்தை 2014-இல் திறந்தார்கள். புஷ்காஷ் அந்த ஊரில் பிறக்கவில்லை, வளரவில்லை. நெடுங்காலம் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் சிறுவயதில் வளர்ந்த ஊர் அது. அங்கே அதிகாரம் தன் ஊருக்கு ஒரு ஆட்டக்காரனின் பெயரைக் கடன் வாங்கியது. சின்னப்பம்பட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு முதலமைச்சரின் தொகுதி இருந்தும், மைதானத்தை ஆட்டக்காரரே கட்ட வேண்டியிருந்தது. எது மேல் என்று கேட்டால் இதுதான் என்பேன். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு நடராஜன் வாய்க்கமாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுநாள் ஓமலூர் வழியாக வடக்கே பெரியவடகம்பட்டிக்குப் போனேன். பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது காலின் கீழ்ப்பகுதி நசுங்கியது. தாய் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ராஜேந்திரன் இந்தப் பையனை உயரம் தாண்டவைத்தார். பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் சத்யநாராயணா. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிசில் 1.85, வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர். பத்மஸ்ரீ, கேல் ரத்னா இரண்டும் உண்டு. ரியோவுக்குப் பிறகு கிடைத்த பரிசுப் பணத்தில் 30 லட்சத்தைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார்.

இந்தப் பதக்கங்களை அந்த ஏழு ஆட்டங்களோடு ஒரே தராசில் வைத்தால் எது கனம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சேலம் பேருந்து நிலையத்தில் பெரியவடகம்பட்டி என்று கேட்டபோது, "தீவட்டிப்பட்டி பக்கமுங்க" என்று வழி சொன்னார்களே தவிர, யாரும் மாரியப்பன் பெயரைச் சொல்லவில்லை. கிரிக்கெட் ஆண்டு முழுவதும் தொலைக்காட்சியில் ஓடுகிறது. பாராலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஓரிரு நாள் செய்தி. புகழ் திறமைக்கு அளந்து ஊற்றப்படுவதில்லை. இது நடராஜனின் குற்றமில்லை, நம் குற்றம்.

தெற்கே திரும்பினேன். சங்ககிரிக் கோட்டை, 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். திருச்செங்கோடு, நாடெங்கும் போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் தாய்வீடு. அப்புறம் நாமக்கல். லாரிப் பட்டறைகள், கோழிப் பண்ணைகள், முட்டை வண்டிகள். ஊருக்கு ஊர் பெரிய கட்டடங்களாக நிற்கும் தனியார் பள்ளிகள். பிளஸ் டூ மாநில முதலிடம் என்றாலே நாமக்கல், ராசிபுரம் என்று ஒரு காலம் இருந்தது. 2017-இல் அரசு அந்த ரேங்க் பட்டியலை நிறுத்தியது. பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் மதிப்பெண்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பள்ளியின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பரந்த மைதானம். மாலை நாலரை மணி. ஒரு பையனும் இல்லை. காவலாளி சொன்னார்: "உள்ளே ஸ்பெஷல் கிளாஸ் நடக்குதுங்க."

மாரியப்பனைக் கண்டுபிடித்தவர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். நடராஜனைக் கண்டுபிடித்தவர் பொட்டல் மைதானத்தில் ஆடிய ஊர் அண்ணன். இரண்டு பேருமே பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பிள்ளைகள் விளையாடவே வராத மைதானத்தில் யார் யாரைக் கண்டுபிடிப்பது? நாமக்கல், சேலம் பள்ளித் தாளாளர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்று காரணம் சொல்லி விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரைவார்க்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பாவது அந்த நேரத்தைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுங்கள்.